உடற்கொடை

உடற்கொடை (உடல் தானம்) என்பது, ஒருவர் தம் இறப்புக்குப் பின் உடலை எரிக்காமல், புதைக்காமல் மருத்துவக் கல்விக்காக ஒப்படைக்குமாறு உயிரோடிருக்கும்போதே எழுதி வைப்பதாகும். தம் இறுதிப் பயணத்தை முன்கூட்டியே தீர்மானிக்கும் வழிகளுள் இதுவும் ஒன்று.

நடைமுறை

கடையம், தென்காசி வட்டாரத்தினர் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையை அணுகலாம். பொதுவாக, உறுதிமொழிப் படிவத்தில் கொடையாளருடன் சாட்சிகளும் கையொப்பமிடுவர். அவர்களுள் ஒருவர் நெருங்கிய உறவினராக இருப்பது நல்லது. இறந்தபின் மருத்துவரின் இறப்புச் சான்றுடன் உடலை விரைவில் ஒப்படைக்க வேண்டும். கண்களை ஆறு மணி நேரத்துக்குள் தனியே தானம் செய்யலாம். பிணக்கூறாய்வு செய்யப்பட்ட உடல்களையும், எச்.ஐ.வி. போன்ற தொற்று உள்ளவர்களின் உடல்களையும் கல்லூரிகள் பொதுவாக ஏற்பதில்லை.

குடும்பத்தாரின் பங்கு

படிவம் எழுதியிருந்தாலும், உடலை ஒப்படைப்பவர்கள் குடும்பத்தாரே. அவர்கள் மறுத்தால் கொடை நிறைவேறாது. உயில் பெரும்பாலும் காரியங்கள் முடிந்த பிறகே பிரிக்கப்படுவதால், அதில் மட்டும் எழுதி வைப்பது பயன் தராது. கொள்ளி வைப்பதைக் கடமையாகக் கருதும் பிள்ளைகளிடம் முன்பே பேசி இசைவு பெறுவது இன்றியமையாதது.

அறியப்பட்ட கொடையாளர்கள்

மேற்கு வங்க முன்னாள் முதலமைச்சர் ஜோதி பாசு 2003-இல் உறுதிமொழி அளித்தார். 2010 சனவரியில் அவரது உடல் கொல்கத்தா மருத்துவமனையிடம் ஒப்படைக்கப்பட்டது. சென்னையில் பிறந்த சீத்தாராம் யெச்சூரியின் உடல் 2024-இல் தில்லி எய்ம்சுக்கு வழங்கப்பட்டது.