வழிகாட்டும் கெமராவும் 'உணர்திறன்' என்ற சொல்லும்

இரவு வானத்தைப் படம்பிடிக்க ஆசைப்படும் பிள்ளைகள் இப்போது நமது ஊர்களிலும் இருக்கிறார்கள். கி.பி. 964இல் அப்துர் றஹ்மான் அஸ்-ஸூபி தமது நட்சத்திர நூலில் ஒரு சிறு மேகம்போலக் குறித்துவைத்த அந்திரொமீடாவை, இன்று ஒரு சிறிய தொலைகாட்டியும் கெமராவும் கொண்டு வீட்டு முற்றத்திலிருந்தே எடுக்கலாம். ஆனால் அதற்குக் கெமரா ஒன்று போதாது, இரண்டு வேண்டும்.

நான் தமிழ் படிப்பிக்கிறவன். பாடசாலை வானியல் கழகத்தின் பொறுப்பும் என்னிடம் கிடக்கு. பழைய மாணவர்கள் சேர்த்துத் தந்த காசில் பெரும்பகுதி செலவாகிவிட்ட நிலையில் இரண்டாவது கெமராவுக்கும் பணம் ஒதுக்க வேண்டும் என்றபோது, உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர், "படம் எடுக்கிற கெமராதான் இருக்கே சேர், இது என்னத்துக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அப்படியொரு காசு திரும்பவும் கிடைக்கும் என்று சொல்ல ஏலாது. அவருக்குச் சொன்ன விளக்கத்தைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

இரண்டாவது கெமரா ஏன்?

பூமி சுழல்வதால் வானம் செக்கனுக்கு 15 வில்செக்கன் வீதம் நகர்வதாக நமக்குத் தோன்றுகிறது. ஒரு பாகையில் 3,600 வில்செக்கன்கள் உண்டு. தொலைகாட்டியைச் சுமக்கும் மவுண்ட், மோட்டரின் உதவியால் அதே வேகத்தில் வானத்தைப் பின்தொடர்கிறது. ஆனால் அதன் பற்சில்லுகள் பூரணமானவை அல்ல. சாதாரண விலை மவுண்டுகள் சில நிமிடங்களுக்கு ஒரு தடவை 20, 30 வில்செக்கன் அளவுக்கு முன்னும் பின்னும் ஆடும். வியாழன் கோள் வானத்தில் தெரியும் அகலமே 30 முதல் 50 வில்செக்கன்தான். படக் கெமராவின் ஒரு பிக்சல் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வில்செக்கனைப் பார்க்கும். ஐந்து நிமிடம் திறந்துவைத்தால், புள்ளியாக விழவேண்டிய நட்சத்திரம் கோடாக இழுபடும்.

இலங்கையில் இன்னொரு கஷ்டமும் உண்டு. மவுண்டின் அச்சை வானத் துருவத்துக்கு நேராக்க வேண்டும். நமக்குத் துருவ நட்சத்திரம் 6 முதல் 10 பாகை உயரத்திலேயே நிற்கிறது. அது தென்னைக்கும் மதிலுக்கும் பின்னால் மறைந்துவிடும்.

ஆகவே ஒரு காவற்காரன் தேவை. இரண்டாவது கெமரா ஒரு நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அது நகர்ந்தால் கணினி கணக்குப் பார்த்து மவுண்டைத் திருத்தும். முன்னைய காலத்தில் இதை மனிதர்கள் செய்தார்கள். குறுக்கு நூல் போட்ட கண்வில்லையில் கண்ணை வைத்து, மணிக்கணக்காகக் குளிரில் பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பார்கள். 1980களின் இறுதியில் எஸ்.பி.ஐ.ஜி. என்ற அமெரிக்க நிறுவனத்தின் 'எஸ்.டி.-4' கருவி அந்த வேலையைத் தன்னியக்கமாக்கியது. இன்றைய மவுண்டுகளிலுள்ள வழிகாட்டித் துளைக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இப்போது 'பி.எச்.டி. 2' என்ற இலவச மென்பொருளே பரவலாகப் பாவனையில் உள்ளது.

ஒரு சொல், நான்கு விடயங்கள்

விளம்பரங்கள் எல்லாம் 'உணர்திறன் கூடியது' என்கின்றன. மொழி படித்தவன் என்பதால் எனக்கு அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்கத் தோன்றியது. அதற்குள் நான்கு விடயங்கள் இருக்கின்றன.

முதலாவது, விழுகிற ஒளித் துணிக்கைகளில் எத்தனை வீதத்தைச் சென்சர் இலத்திரன்களாக மாற்றுகிறது என்பது. விளம்பரம் பெரிதாகக் காட்டும் எண் இதுதான். இன்றைய நல்ல சென்சர்கள் எல்லாம் உச்சத்தில் 70, 80 வீதத்துக்குக் கிட்ட நிற்பதால் இதில் பெரிய வித்தியாசம் வராது.

இரண்டாவது, வாசிப்பு இரைச்சல். சென்சரை வாசிக்கும்போது ஒவ்வொரு பிக்சலிலும் சேரும் தடுமாற்றம் அது. ஒரு மங்கலான நட்சத்திரம் 25 பிக்சல்களில் பரவி, மொத்தம் 200 இலத்திரன்களைத் தருகிறது என்று வைப்போம். இரைச்சல் பிக்சலுக்கு 2 இலத்திரன் என்றால், சைகைக்கும் இரைச்சலுக்குமான விகிதம் ஏறக்குறைய 11.5. அதுவே 6 இலத்திரன் என்றால் விகிதம் 6 ஆகக் குறைந்துவிடும். இந்த விகிதம் 10க்கு மேல் நின்றால் நிம்மதியாகப் படமெடுக்கலாம். வழிகாட்டும் கெமரா ஒன்று முதல் நான்கு செக்கன்களே பார்க்கும். அந்தக் குறுகிய நேரத்தில் இந்த எண்தான் கதையைத் தீர்மானிக்கும்.

மூன்றாவது, நிறம். நிறக் கெமராவில் ஒவ்வொரு பிக்சலின் மேலும் ஒரு நிற வடிகட்டி இருப்பதால், வந்த ஒளியில் பாதிக்கும் மேல் வீணாகிறது. காவற்காரனுக்கு நிறம் தேவையில்லை. கறுப்பு வெள்ளைக் கெமராவையே வாங்க வேண்டும்.

நான்காவது, பிக்சலுக்கும் குவியத் தூரத்துக்கும் உள்ள பொருத்தம். பிக்சலின் அளவை மைக்ரோமீற்றரில் எடுத்து, 206ஆல் பெருக்கி, குவியத் தூரத்தின் மில்லிமீற்றரால் வகுத்தால் ஒரு பிக்சல் எத்தனை வில்செக்கனைப் பார்க்கிறது என்பது வரும். 3.75 மைக்ரோமீற்றர் பிக்சலும் 200 மில்லிமீற்றர் குவியத் தூரமும் என்றால் விடை 3.9 வில்செக்கன். இது போதுமா என்று பயப்படத் தேவையில்லை. மென்பொருள் ஒளிப்பொட்டின் மையத்தைக் கணக்கிட்டு, ஒரு பிக்சலின் சிறு பின்னம்வரை நகர்வைக் கண்டுபிடிக்கும்.

யாருக்கு எது?

பிரதான தொலைகாட்டியின் முதுகில் ஒரு குட்டித் தொலைகாட்டியைப் பூட்டி வழிகாட்டுவது ஒரு முறை. ஏ.எஸ்.ஐ. 120 எம்.எம். மினி போன்ற மலிவான கெமராவின் சென்சர் 4.8க்கு 3.6 மில்லிமீற்றர்தான். ஆனாலும் 200 மில்லிமீற்றர் குட்டித் தொலைகாட்டியில் அது 1.4க்கு 1 பாகை வானத்தைக் காட்டும். முழுநிலவின் அகலம் அரைப் பாகை என்பதோடு இதை ஒப்பிடுங்கள். அவ்வளவு பரப்பில் நல்ல நட்சத்திரம் ஒன்றாவது அகப்படும். இங்கே கூடுதல் உணர்திறனுக்குக் காசு கொட்டுவது அவசியமில்லை.

நீண்ட குவியத் தூரமுள்ள பெரிய தொலைகாட்டிக்கு இந்த முறை சரிவராது. இரண்டு குழாய்களும் தம் பாரத்தால் வெவ்வேறு அளவில் வளையும். காவற்காரன் பார்க்கும் நட்சத்திரம் அசையாதிருக்க, படம் மட்டும் இழுபடும். அதற்கு, பிரதான தொலைகாட்டியின் ஒளியிலேயே ஓர் ஓரத்தைச் சிறு அரியத்தால் திருப்பி வழிகாட்டும் கெமராவுக்கு அனுப்புவார்கள். 2,000 மில்லிமீற்றர் குவியத் தூரத்தில் அதே 120 கெமரா பார்ப்பது 8க்கு 6 வில்நிமிட வானம்தான். அதற்குள் நட்சத்திரம் தேடுவது கிணற்றில் விழுந்த ஊசியைத் தேடுகிற வேலை. இங்கேதான் உணர்திறனுக்கும் சென்சர் பரப்புக்கும் காசு கொடுக்க வேண்டும். 174 எம்.எம். மினியின் சென்சர் 11.3க்கு 7.1 மில்லிமீற்றர், அதாவது நாலரை மடங்குக்கு மேற்பட்ட பரப்பு. அதன் 5.86 மைக்ரோமீற்றர் பிக்சல்களும் நீண்ட குவியத் தூரத்துக்குத் தோதானவை. 290 எம்.எம். மினியின் 2.9 மைக்ரோமீற்றர் பிக்சல்கள் இங்கே 0.3 வில்செக்கனைப் பார்க்கும். நட்சத்திரத்தின் ஒளி பல பிக்சல்களில் சிதறிப்போவதால், நான்கு பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்துத்தான் அதைப் பாவிக்க வேண்டும்.

நமது காலநிலை

நமது இரவுகள் வெக்கையானவை. குளிரூட்டப்படாத சென்சரில் சில பிக்சல்கள் ஒளி விழாமலே மின்னும். மென்பொருள் அதை நட்சத்திரம் என்று பிடித்துக்கொண்டால், எதுவும் அசையவில்லை என்று அழகான வரைபைக் காட்டும். படத்திலோ எல்லாம் கோடாக இருக்கும். ஆகவே கெமராவை மூடியபடி எடுக்கும் இருட்படங்களை மென்பொருளில் முதலிலேயே பதிந்துவைக்க வேண்டும். கெமராவின் விலை எதுவானாலும் இந்த வேலை தப்பாது.

அடுத்தது ஈரப்பதன். மெல்லிய முகில் கடந்தால் நட்சத்திரம் மங்கும், வில்லையில் பனி படிந்தால் மறைந்தே போகும். முகிலைத் தாங்க உணர்திறனில் கொஞ்சம் மிச்சம் வைத்திருப்பது நல்லதுதான். ஆனால் பனிக்கு எந்தச் சென்சரும் மருந்தல்ல, வில்லையைச் சுற்றிக் கட்டும் சூடேற்றும் பட்டிதான் வேண்டும்.

எங்கள் தொலைகாட்டி குறுகிய குவியத் தூரமுடையது. அதனால் குட்டித் தொலைகாட்டியையும் மலிவான கறுப்பு வெள்ளைக் கெமராவையும் தெரிவுசெய்தோம். மிச்சக் காசு பனிப் பட்டிக்கும் பற்றரிக்கும் போனது. இதே கேள்வியோடு இருக்கும் மற்றப் பாடசாலைகளுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் உங்கள் தொலைகாட்டியின் குவியத் தூரத்தைப் பாருங்கள். அடுத்து வழிகாட்டும் முறையைத் தீர்மானியுங்கள். கெமராவின் விலைப்பட்டியலை அதற்குப் பிறகு கையில் எடுங்கள்.