டிஸ்சார்ஜுக்கு முன் ஒரு கை, ஒரு கால்

குரோம்பேட்டையில் இருந்து கூடுவாஞ்சேரி வரை எந்த மருத்துவமனையானாலும், சுகப்பிரசவம் என்றால் இரண்டாம் மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பில் கட்ட ஒருவர், ஆட்டோ பிடிக்க ஒருவர், ஆரத்தி கரைக்க வீட்டில் ஒருவர் என்று குடும்பமே பரபரப்பாக இருக்கும். பிறவி இதயக் கோளாறுகளில் மிக ஆபத்தான சில, தலைகாட்டுவதும் அந்த நாட்களில்தான்.

கருவில் குழந்தையின் நுரையீரலுக்கு வேலையில்லை. தொப்புள்கொடி வழியே தாயிடமிருந்தே ஆக்சிஜன் வந்துவிடும். அதனால் ரத்தம் நுரையீரலைத் தவிர்த்துப் போக, நுரையீரல் தமனிக்கும் மகாதமனிக்கும் இடையே ஒரு சிறு குழாய் இருக்கிறது. பிறந்து ஒன்று முதல் மூன்று நாளில் அது தானாகச் சுருங்கி மூடிக்கொள்ளும். இதயம் சரியாக அமைந்த குழந்தைக்கு இதனால் ஒரு பாதிப்பும் இல்லை. ஆனால் நுரையீரலுக்குப் போகும் வால்வே அடைபட்டுப் பிறந்த குழந்தை அந்தக் குழாயை நம்பித்தான் உயிரோடு இருக்கிறது. இரு பெருந்தமனிகளும் இடம் மாறிப் பிறந்த குழந்தைக்கும் அது பெரிய ஆதாரம். குழாய் மூடும்போது இவர்கள் வீட்டில் தொட்டிலில் இருப்பார்கள்.

“அஞ்சாம் மாச ஸ்கேன்ல எல்லாம் நார்மல்னுதானே சொன்னாங்க?” என்று கேட்பார்கள். அந்த ஸ்கேன் பலவற்றைக் காட்டும், எல்லாவற்றையும் காட்டாது. கண்ணால் பார்த்தும் பயனில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் 85 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் நீலம் தெரிய ஆரம்பிக்கும். மாநிறக் குழந்தையிடம் அதுவும் நாக்கிலும் உதட்டின் உட்புறத்திலும்தான் தெரியும்.

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டரின் குழந்தை வடிவம் இங்கே கைகொடுக்கிறது. பிறந்து 24 மணி நேரம் கழித்து வலது கையிலும் ஒரு காலிலும் பட்டையைச் சுற்றி அளப்பார்கள். இரண்டும் 95 அல்லது அதற்கு மேல், வித்தியாசம் 3-க்கு மிகாமல் இருந்தால் சரி. 90-க்குக் கீழே என்றால் உடனே இதயத்துக்கு எக்கோ ஸ்கேன். இடைப்பட்டால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி. ஐந்து நிமிட வேலை, ஊசியில்லை, வலியில்லை. அமெரிக்கா 2011-லேயே பரிந்துரைத்த இந்தச் சோதனை இங்கே எல்லா இடத்திலும் வழக்கமாகவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டு வாங்குமுன் “கை, கால் ரெண்டுலயும் ஆக்சிஜன் பாத்தாச்சா?” என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

இதயத்தின் கீழறைச் சுவரில் ஓட்டை இருந்தால் இந்தச் சோதனையில் பெரும்பாலும் சிக்காது. பிறவி இதயக் கோளாறுகளில் அதிகம் காணப்படுவது இந்த ஓட்டைதான். சிறியது தானே மூடிக்கொள்ளும். பெரியது ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் வேலையைக் காட்டும்: பால் குடிக்கையில் நெற்றி வேர்க்கும், நாலு வாய் உறிஞ்சிவிட்டு மூச்சு வாங்கும், எடை ஏறாது. உரம் விழுந்திருக்கும், கண் பட்டிருக்கும் என்று வாரக்கணக்கில் ஓட்டும் வீடுகள் உண்டு. சுற்றிப் போடுங்கள், தப்பில்லை. அன்றைக்கே குழந்தை டாக்டரிடமும் காட்டுங்கள்.

நூற்றில் ஒரு குழந்தைக்கு ஏதோ ஒரு இதயக் குறை இருக்கிறது. சொந்தத்தில் கல்யாணம், கர்ப்பத்துக்கு முன்பே கட்டுப்படாத சர்க்கரை, முதல் மாதங்களில் ருபெல்லா ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். பெரும்பாலும் காரணமே தெரியாது. பப்பாளி தின்றாள், குடம் தூக்கினாள் என்று பெற்றவளைக் குத்திக்காட்டுவது அநியாயம்.

1928-இல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கிய காசநோய் சானடோரியத்தால் நுரையீரல் வைத்தியத்துக்குப் பேர்போன ஊர் தாம்பரம். இதயம் என்றால் அரசுத் தரப்பில் தெற்கே செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி, வடக்கே எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை.

அந்தச் சிறு குழாயை நம்பியிருக்கும் குழந்தை அங்கே போய்ச் சேரும்வரை குழாயைத் திறந்தே வைக்க புரோஸ்டாகிளாண்டின் என்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். அதுவே சில குழந்தைகளுக்கு மூச்சை நிறுத்திவிடவும் கூடும். எனவே ஜிஎஸ்டி சாலை நெரிசலில் சொந்தக் காரில் கிளம்பாமல், ஆக்சிஜனும் மூச்சு கொடுக்கத் தெரிந்த ஆளும் உள்ள ஆம்புலன்ஸை மருத்துவமனையிடமே ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.