ஆட்டம் பிறக்கும் இடம்

வேலூரிலிருந்து பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டியே மேற்கு நோக்கிச் செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையில், புது வண்டிகளின் வேகத்துக்கு நடுவே இடது ஓரமாக நிதானத்துடன் போய்க்கொண்டிருக்கும் ஓர் அம்பாசிடரையோ பிரிமியர் பத்மினியையோ இன்றைக்கும் எப்போதாவது காணலாம். தகப்பனார் தோல் வியாபாரத்தில் சம்பாதித்து ஆசையோடு வாங்கிய காரை விற்க மனம் வராமல் வைத்துப் பராமரிக்கிறவர்கள் இந்த வட்டாரத்தில் உண்டு. அவர்கள் எஞ்சின் புகைவதிலும் பெயிண்ட் மங்குவதிலும் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட ஸ்டியரிங்கின்மீது காட்டுவதில்லை என்பது என் வருத்தம். எஞ்சின் கெட்டால் வண்டி நின்றுவிடுகிறது; ஸ்டியரிங் பாகங்கள் தேய்ந்தாலோ வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, ஓட்டுகிறவரின் கைகளும் அந்தத் தேய்மானத்துக்குத் தம்மை அறியாமலே பழகிப்போகின்றன. வேறொருவர் ஏறி ஓட்டி, "என்னங்க, ஸ்டியரிங் இவ்வளவு ஆடுதே!" என்று திடுக்கிடும்போதுதான் விஷயம் வெளியே வருகிறது.

மத்திய மோட்டார் வாகன விதிகளில், அதாவது 1989ஆம் ஆண்டின் விதிகளில், 98ஆவது விதி இதைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. ஸ்டியரிங் வீலில் வெற்றாட்டம் 30 டிகிரிக்கு மேற்படலாகாது. ஸ்டியரிங் கம்பிகளை இணைக்கும் பால் ஜாயிண்டுகள் யாவும் ரப்பர் மூடிகளால் காக்கப்பட்டிருக்க வேண்டும். போல்ட்டும் பின்னும் கழன்றுவிடாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். நாற்பது சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஸ்டியரிங் வீலில் 30 டிகிரி என்பது விளிம்பில் ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் ஆகும். எல்லா வாகனங்களுக்கும் சேர்த்துச் சட்டம் வகுத்த உச்ச வரம்பு அது; அதுவரை காத்திருக்கலாம் என்பது அதன் பொருளன்று. முன்சக்கரங்களை நேராக நிறுத்தி, ஜன்னல் வழியே கையை நீட்டி ஸ்டியரிங் வீலை மெல்ல அசைத்து, டயர் அசையத் தொடங்கும் வரை விளிம்பு எவ்வளவு தூரம் சும்மா நகர்கிறது என்று பார்த்தால் போதும். அது இரண்டு விரற்கடையைத் தாண்டினால் காரணத்தைத் தேடத் தொடங்கிவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பவர் ஸ்டியரிங் உள்ள பிற்கால வண்டியானால் எஞ்சினை ஓடவிட்டே இந்தப் பரீட்சையைச் செய்ய வேண்டும்.

ஆட்டம் இருக்கிறது என்று அறிவது எளிது. அது எந்த இடத்தில் பிறக்கிறது என்று நிர்ணயிப்பதில்தான் சிரமம் இருக்கிறது. ஏனெனில் ஸ்டியரிங் வீலுக்கும் தரையைத் தொடும் டயருக்கும் இடையில் பல இணைப்புகள் உண்டு, அவை வண்டிக்கு வண்டி வேறுபடுகின்றன. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை மூலமாகக் கொண்டு வங்காளத்து உத்தரபாராவில் 2014 வரை உற்பத்தியான அம்பாசிடரில் இருப்பது ராக் அண்ட் பினியன்: பற்சக்கரம் ஒன்று சுழல, பல்வெட்டிய நீண்ட கம்பி இடமும் வலமும் ஓடி இரு சக்கரங்களையும் நேரே தள்ளுகிறது. பத்மினியிலோ ஸ்டியரிங் பாக்ஸ், அதற்கு எதிர்ப்புறத்தில் ஐட்லர் ஆர்ம், இடையில் கம்பிகள் என்று இணைப்புகள் அதிகம். ஆகவே தேய்வதற்கு இடங்களும் அதிகம். நம் சென்னையிலேயே 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் ராக் அமைப்புதான் என்றாலும், சக்கரத்தைத் தாங்கும் கீழ் முனையில் மரையிட்ட ட்ரனியன் ஒன்று உண்டு. அதற்குக் கிரீஸ் அடிக்காமல் கெட்டியான கியர் ஆயிலைச் செலுத்த வேண்டும். இதை அறியாமல் காயவிட்டவர்களின் கார்களில் செங்குத்தான இரும்பே முறிந்து சக்கரம் சாய்ந்துபோனதுண்டு.

தேடலைத் தொடங்குமுன் ஸ்டியரிங்கின் தலையில் வீண்பழி சுமத்தும் காரணங்களை விலக்கிவிட வேண்டும். இரண்டு முன்டயர்களிலும் காற்று சமமாக இல்லாவிட்டால் வண்டி ஒருபக்கம் இழுக்கும்; பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலும் அப்படியே. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் நடுங்கி, அந்த வேகத்தைக் கடந்தபின் அடங்கிவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வீல் பேலன்ஸை. நேர்சாலையில் வண்டி தானாகவே இப்படியும் அப்படியுமாக அலைய, அதைக் கணந்தோறும் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டியிருப்பதும், சிறு பள்ளத்தில் இறங்கும்போது முன்பக்கத்தில் 'டொக்' என்று சத்தம் கேட்பதும்தான் தேய்மானத்தின் உண்மையான லட்சணங்கள்.

இனி பிரதானமான பரீட்சைக்கு வருகிறேன். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. பட்டறைக் குழியும் இரண்டு பேரும் போதும். எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்கள் தரையில் பாரத்தோடு நிற்கும்போதே ஒருவர் உள்ளே அமர்ந்து, வெற்றாட்டத்தின் எல்லையைச் சற்றே தாண்டும் அளவுக்கு ஸ்டியரிங் வீலை இடமும் வலமுமாக அசைத்துக்கொண்டிருக்க வேண்டும். மற்றவர் குழியில் நின்று, ஸ்டியரிங் ராட் வந்து சேரும் கப்ளிங் தொடங்கி டயர் வரையில் ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுக்கொண்டு வர வேண்டும்: ஒரு விரல் இணைப்பின் இந்தப் பக்கத்திலும் மற்றொரு விரல் அந்தப் பக்கத்திலும் பட்டிருக்க வேண்டும். நல்ல இணைப்பில் இரண்டு விரலும் ஒருசேர நகரும். தேய்ந்த இணைப்பில் ஒரு விரல் முந்தும், மற்றொன்று ஒரு கணம் நின்று பிறகே கிளம்பும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தாமதத்தை விரல் நுனி தவறாமல் சொல்லிவிடும். ராக் உள்ள வண்டியில் இரண்டு இடங்களை மறந்துவிடக் கூடாது. ஒன்று, மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் உறைக்குள் மறைந்திருக்கும் உள் ஜாயிண்ட். உறையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டால் அதன் ஆட்டமும் தெரியும். மற்றொன்று, ராக்கையே வண்டியோடு பிணைத்திருக்கும் கிளாம்புகள்; அவை தளர்ந்துவிட்டால் சக்கரம் திரும்புவதற்கு முன் ராக் முழுவதுமே பக்கவாட்டில் நகரும்.

அடுத்ததாக முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அவசியம் ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைப் பிடித்து அசைத்துப் பார்க்கலாம். இருபக்கமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் தளர்வு தெரிந்தால் டை ராட் எண்டும் ராக்கும் சந்தேகத்துக்கு உரியவை. மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது தெரிந்தால், உள்ளே இருப்பவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்ல வேண்டும்: ஆட்டம் மறைந்தால் குற்றம் வீல் பேரிங்கில், மறையாவிட்டால் கிங் பின்னிலோ பால் ஜாயிண்டிலோ இருக்கிறது.

டை ராட் எண்ட் என்பது அமைப்பில் நம் தோள்மூட்டைப் போன்றது; எஃகுக் குமிழ் ஒன்று கிண்ணத்துக்குள் கிரீஸில் மிதந்து எந்தத் திசையிலும் அசைகிறது. ரானே போன்ற சென்னை நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக இதைத் தயாரித்து வருவதால் பழைய வண்டிக்கும் இது அரிய பொருளன்று. இதன் ஆயுள் முழுவதும் அந்த ரப்பர் மூடியில் இருக்கிறது. மூடி கிழிந்தால் சாலைப் புழுதி கிரீஸோடு கலந்து சாணைப் பசையாகி, குமிழையும் கிண்ணத்தையும் இரவு பகலாக அரைக்கிறது. மழைநீர் நுழைந்தால் துருவும் சேர்ந்துகொள்கிறது. தேய்மானம் முற்றினால் குமிழ் கிண்ணத்தை விட்டுக் கழன்று, அந்தச் சக்கரம் ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாமல் போய்விடும். மோட்டார் வண்டியின் ஆரம்ப நாட்களில், ரப்பர் இந்த வேலைக்கு வருமுன், இத்தகைய இணைப்புகளுக்குக் கிரீஸ் நிரப்பிய தோல் உறைகளைத் தைத்துக் கட்டினார்கள். தோலின் அருமை தெரிந்த ஆம்பூர்க்காரர்கள் ஐம்பது ரூபாய் ரப்பர் மூடியை அலட்சியம் செய்யலாகாது. இங்கே மற்றொரு அபாயமும் உண்டு. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பிட்டே டேனரிக்கு வருகிறது. அந்த உப்பு நீர் சிந்திய முற்றத்தில் தினமும் நிற்கும் வண்டிக்கு அடிப்பாகத்தில் துரு சீக்கிரம் பிடிக்கும். நல்ல தண்ணீரால் அடியைக் கழுவி விடுவது பெரிய செலவன்று.

நான் வன்மையாகக் கண்டிக்க விரும்புவது ஒரு வழக்கத்தை. வாடிக்கையாளர் ஆட்டம் என்று சொன்னவுடனே, எங்கே தேய்ந்தது என்று பாராமல், ஸ்டியரிங் பாக்ஸின் அட்ஜஸ்டிங் ஸ்குருவை இறுக்கி அனுப்பிவிடுவது சில பட்டறைகளில் நடக்கிறது. பெரும்பாலும் நேரே ஓடுவதால் பாக்ஸின் பற்கள் நடுவில்தான் அதிகம் தேய்கின்றன. நடுவின் தளர்வு நீங்கும் அளவுக்கு இறுக்கினால், தேயாத ஓரங்களில் அவை பிடித்துக்கொள்ளும். அன்று மாலையே ஏலகிரி மலையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் அந்த வண்டி ஏறினால், திருப்பிய ஸ்டியரிங் தானாக மீண்டு வராது. அதன் விபரீதத்தை விவரிக்க வேண்டியதில்லை. தேய்ந்த ஜாயிண்டை வைத்துக்கொண்டு வீல் அலைன்மெண்ட் செய்வதும் இத்தகையதே: இயந்திரத்தின்மேல் சரியாக இருக்கும் அளவு, சாலையில் முதல் பள்ளத்திலேயே மாறிப்போகும், டயரின் விளிம்பு ரம்பப்பல் போலத் தேய்ந்துகொண்டே இருக்கும்.

ஆகவே கிரமம் இதுதான். குற்றமுள்ள பாகத்தை விரலால் கண்டுபிடித்து மாற்ற வேண்டும். பழைய டை ராட் எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வந்தது என்று எண்ணி, புதியதை அத்தனை சுற்றே ஏற்ற வேண்டும். காஸ்டில் நட்டுக்குப் பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்திப் போடாமல் புதுப் பின்னே போட வேண்டும். வீல் அலைன்மெண்ட் எல்லாவற்றுக்கும் கடைசியில் செய்ய வேண்டியது. ஓரிரு நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மறுபடி ஒருமுறை சோதித்துக்கொள்வதும் நல்லது.