தொலைவிலிருந்து எழுதப் பழகல்: ஸ்பானிய உரைநடைப் பயிற்சி

பிறமொழியொன்றைப் பேசக் கற்றல் வேறு. அம்மொழியில் கற்றோர் ஏற்கும் உரைநடை எழுதக் கற்றல் வேறு. முன்னதற்குச் செவியும் நாவும் துணையாகும். பின்னதற்கோ எழுதுதலும், எழுதியது திருத்தப்படக் காண்டலும், அதனை மீண்டும் எழுதுதலுமன்றி வேறு வழியில்லை. ஆசிரியரை நேரிற் காணாது, நிகழ்நிலைப் பாடநெறியொன்றின் வாயிலாக இத்திறன் கைகூடுமா என்பது ஆராயத்தக்க வினாவாகும்.

ஸ்பானியம் 20 நாடுகளில் அரசகரும மொழியாக விளங்குகின்றது. அதனைத் தொலைவிலிருந்து கற்பிக்கும் முயற்சியும் புதியதன்று. 1972ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டில் தேசியத் தொலைக்கல்விப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. 1991இல் தோன்றிய செர்வாந்தேஸ் நிலையம் பிற்காலத்தில் இணையவழியாகவும் பாடங்களை நடத்தலாயிற்று. ஐக்கிய அமெரிக்கக் கல்லூரிகள் பலவும் உயர்நிலை எழுத்துப் பாடத்தை இம்முறையில் வழங்குகின்றன.

அக்கல்லூரிகளில் இப்பாடத்தைப் பயில்வோர் இருவகையினர். வகுப்பறையில் இலக்கணம் பயின்று வந்தோர் ஒருவகையினர். இவர்கள் எழுத்துப்பிழை அதிகம் விடார், ஆயின் இவர்தம் வாக்கியங்களில் ஆங்கிலத்தின் நடையே புலப்படும். மற்றையோர் ஸ்பானியம் வழங்கும் இல்லங்களிற் பிறந்து, பாடசாலையில் ஆங்கிலமே கற்றவர்கள். ஐக்கிய அமெரிக்காவில் நான்கு கோடிக்கு மேற்பட்டோர் வீட்டில் ஸ்பானியம் பேசுவதால் இவ்வகையினர் தொகை சிறிதன்று. தாயுடன் தடையின்றி உரையாடும் ஒருவர், அதே மொழியில் விண்ணப்பம் ஒன்று எழுத முற்படுகையில் தடுமாறுகின்றார். தம் மொழியே தமக்கு அந்நியமாயிற்றோ என்னும் நாணம் அவரைப் பற்றிக்கொள்கின்றது. பாடநெறியின் பயன் இவரிடத்திலேயே மிகுதியாகப் புலனாகும் எனலாம்.

இவரது இடர்ப்பாடு பெரும்பாலும் ஒலியும் எழுத்தும் ஒவ்வாமையால் விளைவது. பகரத்துக்கும் வகரத்துக்கும் உரிய இரு எழுத்துக்கள் ஸ்பானியத்தில் ஒரே ஒலியுடையன. 'தூபோ' என ஒலிக்கும் சொல்லை ஓரெழுத்தால் எழுதினாற் குழாய் என்றும், மற்றையதால் எழுதினால் 'வைத்திருந்தான்' என்றும் பொருள்படும். ரகர றகர வேறுபாட்டைச் செவியால் மட்டும் அறிய முயலும் தமிழ் மாணாக்கர் படும் பாடும் இத்தகையதே.

அழுத்தக்குறி இன்னும் நுட்பமானது. உயிரெழுத்திலேனும் நகர சகரங்களிலேனும் முடியுஞ் சொற்களில் ஈற்றயலசை அழுத்தம் பெறும். ஏனையவற்றில் ஈற்றசை பெறும். இவ்விதியினின்று விலகுஞ் சொல்லுக்கே குறி வேண்டும். 'தெர்மினோ' என்னுஞ் சொல் குறியின்றி நின்றால் 'முடிக்கின்றேன்' எனவும், முதலசையிற் குறி பெற்றால் 'எல்லை' அல்லது 'கலைச்சொல்' எனவும், ஈற்றசையிற் பெற்றால் 'அவன் முடித்தான்' எனவும் பொருள் தரும். மூன்றும் அகராதியில் நிற்கும் வழக்குகளாதலின், சொல்லை மட்டும் நோக்கும் பிழைதிருத்துங் கருவி எதனையும் பிழையெனக் காட்டாது.

நிறுத்தக்குறிகளிலும் கற்றற்குரியன உள. 1713இல் நிறுவப்பெற்ற அரச ஸ்பானியக் கழகம், 1754இல் வெளியிட்ட எழுத்திலக்கணப் பதிப்பில், வினாவின் தொடக்கத்திலும் தலைகீழான குறியிடுமாறு விதித்தது. தமிழில் ஆகார ஓகார ஈறுகள் வினாவைக் காட்டிவிடும். ஸ்பானியத்திலோ கூற்றும் வினாவும் பலவிடத்து ஒரே சொல்லொழுங்கில் அமைவதால், வாசிப்போருக்கு முன்னறிவிப்புத் தேவையாயிற்று. கடிதத்தின் விளிக்குப் பின் காற்புள்ளியன்றி முக்காற்புள்ளி இடுவதும் அம்மொழி மரபு. ஆங்கிலம் பயின்ற கைகள் இதனை எளிதில் மறக்கின்றன.

வாக்கிய அமைப்பிற்கு வரின், ஓரெடுத்துக்காட்டுப் போதும். 'ஆங்கிலம் பேசும் எழுதுவினைஞர் ஒருவரைத் தேடுகின்றேன்' என்பதில், 'பேசும்' என்பதை 'அப்லா' என எழுதினால் குறித்த ஒருவர் உளர் என்பதும், 'அப்லே' என எழுதினால் அத்தகையார் எவராயினும் ஆகுக என்பதும் கருத்தாகும். உள்ளதைக் கூறும் வினைநிலை ஒன்று. எண்ணத்திலும் விருப்பிலும் ஐயத்திலும் நிற்பதைக் கூறும் வினைநிலை மற்றொன்று. இதனை அட்டவணையாக மனனஞ்செய்தோர் பலர். கட்டுரையில் உரிய இடத்திற் கையாள்வோர் சிலரே.

இனி வினையெச்சம் ஒன்றைப் பற்றிய விதியும் குறிப்பிடத்தக்கது. முக்கிய வினைக்கு முன்னரோ உடனோ நிகழ்வதையே அவ்வெச்சம் குறித்தல் வேண்டும். பின்னிகழ்வதைக் குறித்தல் வழுவெனக் கொள்வர். 'வீழ்ந்து இறந்தான்' எனக் கூறும் தமிழர் 'இறந்து வீழ்ந்தான்' என்று அதே கருத்திற் கூறார் அன்றோ? ஆங்கிலச் செய்தித்தாள் நடைக்குப் பழகியோர் ஸ்பானியத்தில் இவ்வழுவையே திரும்பத் திரும்பச் செய்கின்றனர்.

இத்தகைய பாடநெறிகளில் வருணனை, கதைகூறல், விளக்கம், வாதம் என்னும் வகைகளில் கட்டுரைகள் எழுதுவிக்கப்படுவது பெருவழக்கு. முதல் வரைவைச் சகமாணவர் வாசித்துக் கருத்துரைப்பர். ஆசிரியர் பிழையைத் தாமே திருத்திவிடாது, பிழையின் வகையைக் காட்டுங் குறியீட்டை மட்டும் இடுவதும் உண்டு. மாணவர் அதனை ஆராய்ந்து இரண்டாம் வரைவை எழுதல் வேண்டும். திருத்தி மதிப்பெண்ணிட்டு மீளத்தரும் தாள் பெட்டியுள் உறங்கும். குறியீடு மட்டும் பெற்ற தாளோ மாணவரை உறங்கவிடாது. நிகழ்நிலை முறையில் வரைவுகள் யாவும் ஓரிடத்திற் பேணப்படுவதால், சென்ற திங்களிற் செய்த பிழையை இத்திங்களிலும் செய்தமை கண்முன்னே நிற்கும். இவ்வகையில் அது வகுப்பறையினும் மேம்பட்டதெனக் கூறினும் தவறாகாது.

இடையூறும் அதே கருவியிலிருந்தே வருகின்றது. ஆங்கிலத்தில் எழுதியதை நொடியில் ஸ்பானியமாக்கித் தரும் பொறிகள் இன்று எவர்க்கும் எட்டுவன. பொறி தந்ததை ஒப்படைத்தவரிடம், 'அப்லே' என ஏன் எழுதினீர் என நேர்காணலில் வினவினால் விடை பிறவாது. ஆகவே, ஆசிரியர் சிலர் குறித்த நேரத்திற்குள் எழுதுவித்தும், வரைவுகளின் வளர்ச்சியை நோக்கியும் மதிப்பிடுகின்றனர்.

முதிர்ந்த மாணவரும் ஐயுறும் இடங்கள் உள. 'மட்டும்' எனப் பொருள்படும் 'சோலோ' என்னுஞ் சொல்லுக்கு அழுத்தக்குறி வேண்டாவென அரச கழகம் 2010இல் அறிவுறுத்திற்று. எழுத்தாளர் பலர் உடன்படவில்லை. 'தனியாக' என்னும் பொருளோடு மயங்குமென எழுதுவோர் கருதுமிடத்து இடலாமென 2023இல் கழகம் தெளிவுபடுத்தியது. ஆகவே, அக்குறியை இட்ட மாணவரிடம் மயக்கம் எங்குள்ளது எனக் கேட்டறிந்த பின்னரே ஆசிரியர் மதிப்பெண் குறைத்தல் முறையாகும்.