விதை மட்டுமா? விளைநிலமும் வேண்டும்!

“பெண் நல்லவள்தான், ஆனால் அவளுடைய தாய்க்கு மனநலம் சரியில்லையாம். அது இரத்தத்தோடு வருமல்லவா?” நிக்காஹ் பேச்சு நடக்கும் இல்லங்களில் இந்த ஒரு சொல்லால் முறிந்த சம்பந்தங்கள் பல. இவ்வச்சத்தில் உண்மை எவ்வளவு?

ஓரளவு உண்மை உண்டு. மனச்சிதைவு நோய் சில குடும்பங்களில் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆயினும் மரபணு மட்டுமே காரணமன்று. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரின் மரபணுக்கள் ஏறத்தாழ ஒன்றே. அவர்களில் ஒருவருக்கு இந்நோய் கண்டால் மற்றவருக்கும் வந்தே தீரவேண்டும் அல்லவா? அப்படி வருவது பாதிப் பேருக்கும் குறைவே.

மற்றொரு பங்கு எங்கிருந்து வருகிறது? பின்லாந்து நாட்டு மருத்துவர் பெக்கா தியனாரி இதனை ஆராய்ந்தார். 1960 முதல் 1979 வரை மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட மனச்சிதைவு நோயுள்ள தாய்மார்கள் பெற்று, பிறர் வீட்டில் வளர்ந்த பிள்ளைகளை அவரது குழு பல்லாண்டுகள் கவனித்து வந்தது. இந்நோயில்லாத தாய்மாருக்குப் பிறந்து, அவ்வாறே பிறர் வீட்டில் வளர்ந்தவர்களோடு அவர்களை ஒப்பிட்டது. வளர்ப்புக் குடும்பங்களின் பேச்சும் பழக்கமும் நேரில் சென்று கணிக்கப்பட்டன.

2004இல் வெளியான முடிவு சிந்திக்கத்தக்கது. நோயுற்ற தாயின் பிள்ளைகளில், பூசலும் ஓயாத குறைகூறலும் மனம்விட்டுப் பேச இயலாத இறுக்கமும் நிறைந்த வீடுகளில் வளர்ந்தவருள் 100க்கு ஏறத்தாழ 37 பேருக்கு இந்நோயோ இதனைச் சார்ந்த கோளாறோ கண்டது. இணக்கமான வீடுகளில் வளர்ந்தவருள் 6 பேருக்கே கண்டது. நோயற்ற தாயின் பிள்ளைகளுக்கோ, எவ்வகை வீட்டில் வளர்ந்தபோதும் அது 5 பேர் அளவிலேயே நின்றது. விதையின் பலவீனமும் நிலத்தின் வறட்சியும் ஒன்றுசேர்ந்தபோதே தீங்கு பெருகியது.

இதைக் கொண்டு எந்தப் பெற்றோர் மீதும் பழி சுமத்தலாகாது. அன்பு நிறைந்த இல்லத்திலும் இந்நோய் வரலாம். உறக்கம் கெட்டு, ஒதுங்கி, இல்லாத குரல்கள் கேட்பதாகப் பிள்ளை சொன்னால், ஓதிப் பார்ப்பதோடு நின்றுவிடாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நோய்க்கு மருந்து தேடுவதும் நபிவழியே.

மரபணுவை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. அது இறைவனின் ஏற்பாடு. வீட்டில் பேசும் சொல்லோ நம் பொறுப்பு. தாயின் நோயைக் காட்டி ஒரு பெண்ணை ஒதுக்குமுன், அவள் வந்து வாழவிருக்கும் நம் வீடு எத்தகையது என்று எண்ணிப் பார்ப்போம்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களை அமைதியின் உறைவிடங்களாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.