அடுப்பை எரித்துப் பறக்கும் உள்ளான்

"அடையாறு முகத்துவாரத்தில் ஓடித் திரிகிற பிடியளவுப் பறவைக்காக முப்பது நாடுகள் கூடிப் பேசுகின்றனவாமே, இது கொஞ்சம் அதிகமாகத் தெரியவில்லையா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார் பெசன்ட் நகர் வாசகர் ஒருவர். கேள்வியில் கேலி இருக்கிறது. ஆனாலும் பதில் சொல்லவேண்டிய கேள்விதான்.

பறவைகள் ஏன் வலசை வருகின்றன என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். அதை விட்டுவிட்டு நேரே முகத்துவாரத்துக்குப் போவோம். அக்டோபர் முதல் மார்ச் வரை ஏதாவது ஒரு காலையில், தண்ணீர் வடிந்திருக்கும் நேரமாகப் பார்த்து, ஊரூர் குப்பம் தாண்டி உடைந்த பாலத்தின் பக்கம் நின்றால் போதும். கொசு உள்ளான், பவளக்காலி, பச்சைக்காலி, உப்புக்கொத்தி எல்லாம் சேற்றைக் கிளறிக்கொண்டிருக்கும். இவற்றில் கொசு உள்ளானின் எடை முப்பது கிராமுக்குள்தான். அது முட்டையிடும் இடமோ வட துருவத்தை ஒட்டிய சைபீரிய வெளி.

இவ்வளவு தூரம் எப்படிப் பறக்கிறது என்று கேட்டால், கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு கிளம்புகிறது என்பார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. எனக்குப் பிடித்த கதை மீதிப் பாதியில் இருக்கிறது. எங்கள் வீட்டில் குடிமாறும்போது அடுப்பைக் கடைசியாகத்தான் கழற்றுவோம். புது வீட்டில் முதலில் இறங்குவதும் அதுதான். பால் காய்ச்ச வேண்டுமே. நெடுந்தூரம் போகும் கரைப்பறவை அந்த அடுப்பையே உடைத்து வண்டிக்கு எரிபொருளாகப் போட்டுவிடுகிறது.

இதை நன்றாக ஆராய்ந்திருப்பது கிரேட் நாட் என்ற உள்ளான் வகையில். வடமேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஷாங்காய் அருகே உள்ள சோங்மிங் தீவு வரை சுமார் 5,400 கிலோமீட்டர், நடுவில் இறங்காமல் போகும் பறவை அது. கிளம்புமுன் அதன் மார்புத் தசை பருக்கிறது. இரையை அரைக்கும் அரைவைப்பை சுருங்குகிறது. பறக்கும்போது குடல், கல்லீரல், சிறுநீரகம், தோல் என்று ஒவ்வொன்றும் கரைகிறது. கிளம்பிய பறவைகளையும் வந்து சேர்ந்தவற்றையும் ஒப்பிட்டு 2000இல் வெளியான ஆய்வின்படி, குறிப்பிடும்படி குறையாதவை இரண்டே உறுப்புகள்: மூளை, நுரையீரல். மற்றதெல்லாம் வழிச்செலவுக்குப் போய்விடுகிறது.

எல்லா இனமும் இதே அளவுக்குச் செய்வதில்லை. ஆனால் தேவைக்கேற்பச் செரிமான உறுப்புகளைச் சுருக்குவதும் பெருக்குவதும் நெடுந்தூரக் கரைப்பறவைகள் பலவற்றுக்கும் தெரிந்த வித்தைதான். இந்த வித்தையில் ஓர் ஆபத்து இருக்கிறது. இறங்குகிற பறவைக்குப் பசி அகோரம், அரைவைப்பையோ அரைகுறை. கடினமான சிப்பியை உடனே நொறுக்க முடியாது. மெல்லுடல் புழுக்கள் நிறைந்த சேறு, அதுவும் இறங்கிய இடத்திலேயே வேண்டும். இங்கே இல்லையென்றால் அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று நகர உடம்பில் சேமிப்பு இராது.

தென்கொரியாவின் மஞ்சள் கடலோரத்தில், சேமங்கும் என்ற இடத்தில் இது கண்கூடாகத் தெரிந்தது. சுமார் 33 கிலோமீட்டர் நீளச் சுவர் எழுப்பி, 2006இல் கடல் ஓதத்தைத் தடுத்தார்கள். ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர் முகத்துவாரம் கடலிடமிருந்து பிரிந்தது. அங்கே இறங்கிவந்த கிரேட் நாட் பறவைகள் பக்கத்துச் சேறுகளுக்கு இடம் மாறியிருக்கும் என்று சிலர் நம்பினார்கள். மாறவில்லை, ஆஸ்திரேலியாவில் எண்ணிக்கை சரிந்தது. இன்று அந்த இனம் அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. சுவர் ஒரு நாட்டில், இழப்பு இன்னொரு நாட்டில். பின்னால் அதே மஞ்சள் கடலோரத்துச் சேற்று நிலங்களைச் சீனா 2019இலும் கொரியா 2021இலும் உலக மரபுச் சின்னங்களாக்கின. புத்தி வந்தது நல்லது, சற்றே தாமதம்.

முப்பது நாடுகள் எதற்கு என்பது இப்போது விளங்கும். நம் பக்கம் வரும் பறவைகளின் பாதைக்கு மத்திய ஆசியப் பறவைவழி என்று பெயர். வடதுருவக் கடலோரம் தொடங்கி இந்தியப் பெருங்கடல் தீவுகள் வரை முப்பது நாடுகள் அதில் அடக்கம். வலசை உயிரினங்களுக்கான ஒப்பந்தம் 1979இல் ஜெர்மனியின் பான் நகரில் உருவானது. இந்தியா 1983இல் சேர்ந்தது. இந்தப் பறவைவழிக்காக 2018இல் நம் நாடு செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டது. 2020இல் அந்த ஒப்பந்த நாடுகளின் மாநாடு காந்திநகரில் நடந்தது. 2024இல் சமர்கண்டில் கூடியபோது பறவைவழிக்கென்று தனி முன்முயற்சிக்கு ஒப்புதல் கிடைத்தது. அதன் ஒருங்கிணைப்புப் பொறுப்பு இந்தியாவிடம் வந்திருக்கிறது. அதே ஆண்டு வளைமூக்கு உள்ளான் உட்படப் பல கரைப்பறவைகளின் நிலை மோசமடைந்துவிட்டதாக உலகச் செம்பட்டியல் திருத்தி எழுதப்பட்டது.

ஆக, முப்பது நாடுகளுக்கு முன்னால் நிற்பது நாம். நம் வீட்டு வாசல் எப்படி இருக்கிறது? கோடியக்கரை 2002இலும் பள்ளிக்கரணை 2022இலும் ராம்சார் தலங்கள், அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்கள், ஆயின. தமிழ்நாட்டில் அத்தகைய தலங்கள் இருபது. வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. பெருமைதான். ஆனால் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் விரிந்திருந்த பள்ளிக்கரணைச் சதுப்பில் ராம்சார் எல்லைக்குள் மிஞ்சியது சுமார் 1,248 ஹெக்டேர். அதன் ஓரத்திலேயே பெருங்குடிக் குப்பைமேடு. அடையாறு முகத்துவாரத்துக்கு ராம்சார் பட்டமும் கிடையாது. ஆற்றில் நீரோட்டம் குறையும்போது கடல் மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கிறது. ஓதம் உள்ளே ஏறி இறங்காவிட்டால் சேறு செத்துப்போகும், புழுவும் இராது. மேலிருந்து சாக்கடை மட்டும் தவறாமல் வருகிறது.

அரசு செய்ய வேண்டியது பெரிது: வாயைத் திறந்து வைப்பது, சாக்கடையைத் தடுப்பது, இருக்கிற சதுப்பில் இன்னொரு அடியும் நிரப்பாமல் காப்பது. நாம் செய்ய வேண்டியது சிறிது. நடைப்பயிற்சிக்குக் கூட்டிவரும் நாயை அந்தப் பக்கம் அவிழ்த்துவிட வேண்டாம். படம் பிடிப்பதற்காகக் கூட்டத்தைக் கிளப்பிவிட வேண்டாம். வீணாக எழும்பும் ஒவ்வொரு முறையும் சேர்த்த கொழுப்பில்தான் கழிகிறது. காலில் வளையமோ நிறக்கொடியோ தெரிந்தால், நிறத்தையும் எழுத்தையும் தேதியோடு குறித்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரியப்படுத்துங்கள். அந்தக் கொடியை எங்கோ ஒரு நாட்டில் யாரோ கட்டியிருக்கிறார்கள். அவருக்குக் கிடைக்கும் பதில் உங்களுடையதாக இருக்கட்டும்.

வாசகரே, முப்பது நாடுகள் பேசுவது அதிகமில்லை. பேசிவிட்டு அவரவர் ஊர்ச் சேற்றைக் கவனிக்காமல் விடுவதுதான் அதிகம்.