காற்றுக்காகக் காத்திருந்த தங்கம்

2018 பிப்ரவரி 11. தென்கொரியாவின் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில், ஆண்களுக்கான 'டவுன்ஹில்' பனிச்சறுக்குப் போட்டி அன்றுதான் நடக்க வேண்டும். பனி இருந்தது, வீரர்களும் வந்திருந்தார்கள். காற்றுதான் விடவில்லை! மலையுச்சிக்கு ஏற்றிச் செல்லும் கேபிள் கார்களையே நிறுத்திவிட்டார்கள்.

இந்தப் போட்டியில் வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். நடுநடுவே மேடுகளில் இருந்து அந்தரத்தில் பாய வேண்டும். அந்த நொடியில் பக்கவாட்டில் காற்று வீசினால் உயிருக்கே ஆபத்து. இன்னொரு சிக்கலும் உண்டு: வீரர்கள் ஒவ்வொருவராகத்தான் இறங்குகிறார்கள். ஒருவருக்கு எதிர்க்காற்று, அடுத்தவருக்குப் பின்காற்று என்றால் அதில் நியாயம் ஏது?

மறுநாள் பெண்களுக்கான 'ஜெயன்ட் ஸ்லாலம்' போட்டியும் தள்ளிப்போனது. இரண்டும் 15-ஆம் தேதி நடந்தன. டவுன்ஹில்லில் தங்கம் வென்றவர் நார்வேயின் 35 வயது அக்செல் லுண்ட் ஸ்விண்டால். இரண்டாவதாக வந்த சக நாட்டவரைவிட அவர் முந்தியது வெறும் 0.12 விநாடி.